விண்டோஸ் 10 லேப்டாப்ப எடைக்குப் போடாதீங்க, லினக்ஸ் மின்ட் போடுங்க

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்ட மைக்ரோசாஃப்ட் நிறுத்திடுச்சு, விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 (கம்ப்யூட்டர்ல இருக்கற ஒரு பாதுகாப்பு சிப்) வேணுமாம், நல்லா ஓடுற மெஷின குப்பைன்னு சொல்ல இவங்க யாரு? விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட்னு ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்கு, அத போட்டுக்கலாம்.

மொதல்ல ஃபைல் எல்லாத்தையும் வேற ஹார்ட் டிஸ்க்ல காப்பி எடுத்துருங்க, விட்டுட்டு அப்புறம் என்னைய திட்டாதீங்க. மின்ட் ஐஎஸ்ஓவ (இன்ஸ்டால் பண்றதுக்கான ஃபைல்) டவுன்லோட் பண்ணி, பென்டிரைவ்ல அத எழுதுற ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர் வச்சு 8 ஜிபி பென்டிரைவ்ல எழுதுங்க (அதுல இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்). ரீஸ்டார்ட் பண்றப்ப எஃப்12, சிலதுல எஃப்9, தட்டிட்டே இருந்தா எதுலேந்து ஸ்டார்ட் ஆகணும்னு கேக்கற பூட் மெனு வரும், அதுல பென்டிரைவ செலக்ட் பண்ணுங்க.

உடனே இன்ஸ்டால் பண்ணாம பென்டிரைவ்லயே ஓட்டி வைஃபை, சவுண்டு எல்லாம் வருதான்னு பாருங்க, எனக்கு வைஃபை எடுக்கல, ஃபோன யூஎஸ்பி ஒயர்ல மாட்டி டெதரிங் (ஃபோனோட நெட்ட லேப்டாப்புக்குக் குடுக்கறது) போட்டு, மின்ட்ல இருக்க டிரைவர் மேனேஜர்ல வைஃபை டிரைவர் (அத ஓட வைக்கற சாஃப்ட்வேர்) ஏத்துனதும் வந்துடுச்சு. ஓகேன்னா டெஸ்க்டாப்ல இருக்க இன்ஸ்டால் ஐகான டபுள் கிளிக் பண்ணுங்க.