இறுதிக்கட்டப் பராமரிப்பில் செவிலியர் தவிர்க்க வேண்டிய பேச்சுத் தவறுகள்

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு. இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளி கேட்டார்: "சிஸ்டர், நான் வீட்டுக்குப் போவேனா?" "அதையெல்லாம் இப்போது நினைக்காதீர்கள்" என்று தலையணையைச் சரிசெய்துவிட்டு நகர்ந்துவிட்டேன். காலையில் அதை யாரிடமும் சொல்லவும் இல்லை. மூன்றாம் நாள் அவர் இறந்தார். மருத்துவர், சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு குழுவே இருந்தும், அந்தக் கேள்வி என்னைத் தாண்டிப் போகவில்லை.

ஆறுதல் சொல்வதாக நினைத்து நான் அவருடைய வாயை அடைத்துவிட்டேன். இப்படிக் கேட்பவர் பெரும்பாலும் உடனே ஆம், இல்லை என்ற பதிலை எதிர்பார்ப்பதில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "இன்று ஏன் அந்த எண்ணம் வந்தது?" என்று கேளுங்கள். தாங்க முடியாத வலியா, பிள்ளையைப் பற்றிய கவலையா, பயமா என்பது மெல்ல வெளியே வரும். செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவம் படித்த சிசிலி சாண்டர்ஸ், 1967-இல் லண்டனில், இறுதிக்கட்ட நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் பின்னிக்கிடக்கும் இந்தத் துன்பத்தை அவர் 'முழுமையான வலி' என்றார்.

கேட்டதைக் குழுவிடம் சேர்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். ஷிஃப்ட் மாறும்போது "வலி பரவாயில்லை, தூங்கினார்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். அதை வைத்து மருத்துவர் என்ன முடிவெடுப்பார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இரவு மூன்று முறை கூடுதல் மார்ஃபின் தேவைப்பட்டது. திருப்பிப் படுக்கவைக்கும்போது வலி பத்துக்கு ஏழு. மருந்து கொடுத்த ஒரு மணி நேரத்தில் மூன்று. மகளுக்கு மார்ஃபின் என்றாலே பயம். வழக்கமான டோஸை மாற்ற வேண்டும் என்று நினைக்கிறேன்." நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற இந்த வரிசை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைகளுக்கு வந்தது. இதில் கடைசிப் பகுதியை நாம் அடிக்கடி விழுங்கிவிடுகிறோம். இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்தவரின் கருத்து அது, தயங்காமல் சொல்லுங்கள். நோயாளி கேட்ட கேள்வியை அவருடைய சொற்களிலேயே கோப்பில் எழுதுங்கள்.

"அவரிடம் எதையும் சொல்லாதீர்கள்" என்று குடும்பம் கெஞ்சும்போது வாக்குக் கொடுத்துவிடுவதும் தவறு, அவர்களைக் கடிந்துகொள்வதும் தவறு. "நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். அவரே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். தெரிந்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள்?" என்று கேட்கலாம். பல நேரங்களில் நோயாளிக்கு முன்பே தெரிந்திருக்கும். குடும்பத்துக்காக அவரும், அவருக்காகக் குடும்பமும் மறைத்துக்கொண்டிருப்பார்கள். இந்தக் கோரிக்கை வந்த அன்றே குழுவுக்குத் தெரியப்படுத்துங்கள். இல்லையென்றால் ஆளுக்கு ஒன்று பேசுவோம்.

"இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை" என்ற வாக்கியத்தை அடியோடு விட்டுவிடுங்கள். வலி, மூச்சுத்திணறல், வாய் வறட்சி என்று கவனிக்க எவ்வளவோ இருக்கும்போது அது உண்மையும் அல்ல.

கடைசி நாட்களில் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவதும் உண்டு. தொண்டையில் சேரும் சுரப்பால் கரகரவென்று ஒலி வரும். மூச்சு நின்று நின்று வரும். யாரும் சொல்லாத குடும்பம், மூச்சுமுட்டிச் சாகிறார் என்றே நினைக்கும். அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் நினைவிழந்திருப்பார், அந்த ஒலி கேட்பவர்களைத்தான் அதிகம் வதைக்கிறது, ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையலாம் என்று முதல் நாளே விளக்குங்கள். தேவைக்கேற்பக் கவனமாகக் கொடுக்கப்படும் மார்ஃபின் மரணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால், கடைசி ஊசியை நாங்கள்தான் போடச் சொன்னோம் என்ற குற்ற உணர்வை ஒரு மகள் ஆண்டுக்கணக்கில் சுமப்பாள்.

படுக்கைக்கு மேலாக, அவர் அங்கே இல்லாததுபோலப் பேசாதீர்கள். இறக்கும் தறுவாயில் நினைவிழந்த நிலையிலும் சிலருடைய மூளை ஒலிக்கு எதிர்வினை காட்டுவதை 2020-இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று பதிவுசெய்திருக்கிறது. திருப்பிப் படுக்கவைக்கும் முன் பெயர் சொல்லி அழைத்து, "இப்போது வலப்பக்கம் திருப்புகிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள்.