லெட்யூஸ் கீரை: விதைப்பு முதல் அறுவடை வரை

லெட்யூஸ் வகைகளுள், முட்டைக்கோசைப் போல் உருண்டு திரளாமல் தளர்வாக இலை விரிக்கும் வகையே முதன்முதலில் வளர்ப்பவருக்கு ஏற்றது. விதைத்த 30 முதல் 35 நாள்களிலேயே அதன் இளம் இலைகளைப் பறிக்கத் தொடங்கலாம்.

இதன் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவுவதால், 15 சென்டிமீட்டர் ஆழமும் அடியில் வடிகால் துளைகளும் உள்ள எந்தத் தொட்டியும் போதும். தோட்ட மண்ணுடன் நன்கு மக்கிய தொழுவுரத்தையோ மண்புழு உரத்தையோ தாராளமாகக் கலந்து, கட்டிகளை உடைத்துப் பொலபொலப்பாக்கி நிரப்புங்கள். முழுதும் மக்காத உரம் இளவேர்களைக் கருக்கிவிடும்.

அடுத்தது விதைப்பு. முளைக்கவில்லை என்ற ஏமாற்றத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே உண்டு: விதையை ஆழமாகப் புதைப்பது, வெப்பத்தில் விதைப்பது. லெட்யூஸ் விதைகளில் பல முளைப்பதற்கு ஒளியை நாடுபவை. ஆகவே மண்ணை முதலில் நனைத்து, விதைகளை மேலே தூவி, அரை சென்டிமீட்டருக்கும் குறைவாக மெல்லிய மண் தூவினால் போதும். மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் பெரும்பாலும் 10 நாள்களுக்குள் முளை தெரியும். 30 டிகிரியை நெருங்கினாலோ பல இரகங்களின் விதைகள் உயிருடன் இருந்தும் உறக்கத்தில் ஆழ்ந்துவிடும். ஆண்டின் குளிர்ந்த மாதங்களைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இயலாதபோது, விதைகளை ஈரத்துணியில் பொதிந்து குளிர்சாதனப் பெட்டியில் ஓரிரு நாள் வைத்திருந்து விதைக்கலாம்.

நாற்றுகள் நான்கு இலை விட்டதும், செடிக்குச் செடி 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்குமாறு கலைத்துவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும் என்பதால், வேண்டாதவற்றைக் கத்தரியால் அடியோடு நறுக்குவதே முறை. நன்றாக முளைத்த நாற்றை வெட்ட மனம் வராதுதான். ஆனால் நெருக்கம் எல்லாச் செடிகளையும் நலியச் செய்யும். நறுக்கிய பிஞ்சு இலைகளும் உண்ணத் தகுந்தவையே.

மேல்வேர்ச் செடி என்பதால் மண்ணின் மேற்பரப்பு காயவே கூடாது. அதே வேளையில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், சுண்ணாம்புச் சத்து இளந்தளிர்களுக்குச் சீராகச் சென்று சேராமல் இலை நுனிகள் கருகக்கூடும். காலைவேளையில் பூவாளியால் அளவாக நீர் விட்டு, செடிகளுக்கு இடையே உலர்ந்த இலைச் சருகைப் பரப்புங்கள். உச்சிவெயிலுக்கு நிழல்வலை உதவும். இலையின் அடிப்புறத்தில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான அசுவினி தென்பட்டால் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடலாம். நத்தைகளை இரவில் விளக்குடன் தேடிக் கையால் அகற்றலாம்.

அறுவடையின்போது வெளி இலைகளை மட்டும் பறித்து, நடுக்குருத்தை விட்டுவைத்தால் செடி பல வாரங்கள் தொடர்ந்து தழைக்கும். காலையில் பறித்த இலையே மொறுமொறுப்பானது. வெப்பமும் நீண்ட பகலும் கூடும்போது நடுத்தண்டு உயர்ந்து, செடியில் ஊறும் பால் இலைகளைக் கசப்பாக்கும்; லாக்டுகா என்னும் தாவரவியல் பெயரே பாலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்ததுதான். தண்டு நீளத் தொடங்கியதுமே எஞ்சிய இலைகளைப் பறித்துவிடுங்கள்; இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிதளவு விதைத்து வந்தால் இடைவெளி விழாது. செழிப்பான ஒரு செடியைப் பூக்க விட்டு, மஞ்சள் பூக்கள் உலர்ந்து வெண்பஞ்சு தோன்றியதும் விதைகளைச் சேகரித்துக் காகித உறையில் பத்திரப்படுத்தினால், அடுத்த பருவத்துக்கான விதை கையிலேயே இருக்கும்.