யானை பார்க்கப் போகும் திருமலைக்காரருக்கு

திருகோணமலையிலேயே ஜீப் பேசி, பூங்காவையும் முடிவு செய்துவிட்டுப் போகாதீர்கள். கொழும்பு அல்லது கண்டி பஸ்ஸில் ஏறி, கந்தளாய் தாண்டி ஹபரணையில் மதியம்போல் இறங்குங்கள். ஜீப்காரர்களிடம் "இன்றைக்கு யானை எங்கே நிற்கிறது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் டிக்கெட் எடுங்கள்.

ஹபரணையைச் சுற்றியுள்ள மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு ஆகிய மூன்று பூங்காக்களுக்கும் இடையே யானைகள் நடமாடிக்கொண்டே இருக்கும். வெயில் காலத்தில் குளத்து நீர் வற்ற வற்றக் கரையில் இளம்புல் முளைக்கும். அதை மேயத்தான் மாலையில் கூட்டமாக வெளியே வரும். நீர்மட்டம் உயர்ந்தால் புல் மூழ்கிவிடும், யானைகளும் வேறு குளத்தைத் தேடிப் போய்விடும். முதல்நாள் யானை நின்ற இடத்திலேயே மறுநாளும் நிற்கும் என்று நம்ப முடியாது. ஜீப் வாடகை பெரும்பாலும் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. நாலைந்து பேர் சேர்ந்தால் செலவு நன்றாகக் குறையும்.

இது ஜூலை முதல் ஒக்டோபர் வரைக்கும் சரி. மாரிமழையில் குளங்கள் நிரம்பியதும் மின்னேரியாக் கூட்டம் கலைந்துவிடும். அப்போது ஹுருலு பக்கம் விசாரிப்பதே நல்லது. புலி பார்க்கும் ஆசைக்கு இது உதவாது, இலங்கைக் காட்டில் புலியே இல்லை. சிறுத்தை பார்க்க வில்பத்து அல்லது யால போக வேண்டும்.