வங்கிப் பங்கும் லாப ஈவும்: சிறு முதலீட்டாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்தில் காலைக் கோப்பியோடு கூடிப் பேசும் ஓய்வுபெற்றவர்களிடையே டிபிஎஸ் வங்கிப் பங்கின் விலை பேசப்படாத நாள் குறைவு. அப்பேச்சில் அடிக்கடி என் காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு: "டிபிஎஸ் பங்கு வாங்குனா பேங்க்ல காசு போட்ட மாதிரிதாண்ணே, வட்டிதான் கொஞ்சம் கூட." நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த வாக்கியத்திலிருந்துதான் சிறு முதலீட்டாளர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கிளைக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

வைப்புத்தொகை என்பது வங்கி உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். அதற்கான வட்டி முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு 100,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை வைப்புக் காப்புறுதியும் உண்டு. பங்கு வாங்கியவரோ வங்கிக்குக் கடன் கொடுத்தவர் அல்லர், அதன் உரிமையாளர்களில் ஒருவர். அவருக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை. லாப ஈவை, அதாவது லாபத்திலிருந்து பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் பணத்தை, கொடுக்கலாமா, எவ்வளவு கொடுக்கலாம் என்பதை இயக்குநர் குழு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்மானிக்கிறது. சென்ற முறை கொடுத்தது இம்முறையும் கிடைக்கும் என்பதற்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது.

இது வெறும் ஏட்டுப் பேச்சு என்று நினைப்பவர்கள் 2020ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். கொவிட்-19 பரவலால் பொருளியல் நிலை தெரியாமல் இருந்த அவ்வாண்டு ஜூலை 29ஆம் தேதி, உள்ளூர் வங்கிகள் 2020ஆம் நிதியாண்டின் மொத்த லாப ஈவை அதற்கு முந்தைய ஆண்டில் கொடுத்ததில் 60 விழுக்காட்டுக்குள் நிறுத்திக்கொள்ளுமாறு சிங்கப்பூர் நாணய ஆணையம் கேட்டுக்கொண்டது. முதல் காலாண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 33 காசு கொடுத்திருந்த டிபிஎஸ், இரண்டாம் காலாண்டுக்கு 18 காசு அறிவித்தது. வங்கி நட்டத்தில் ஓடவில்லை. மூலதனமும் வலுவாகவே இருந்தது. ஆயினும் கையில் வரும் பணம் ஏறத்தாழ பாதியானது. எங்கள் புளோக்கில் ஓய்வுபெற்ற ஓர் அண்ணன், தம் மனைவியின் மருந்துச் செலவை அந்தத் தொகைக்கு நேராக எழுதி வைத்திருந்தார். அவர் அந்த மாதம் முகம் வாடி நின்றது எனக்கு இன்னும் கண்முன் நிற்கிறது. ஓராண்டு கழித்துக் கட்டுப்பாடு நீக்கப்பட்டு 33 காசு திரும்ப வந்தது உண்மைதான். ஆனால் இடைப்பட்ட நான்கு காலாண்டுகளுக்கு அவர் சேமிப்பில் கைவைக்க வேண்டியிருந்தது. மாதாந்தரத் தேவைக்கான பணத்தைப் பங்கில் போடக்கூடாது என்று நான் ஒவ்வொருவரிடமும் வலியுறுத்துவது இதனால்தான். குறைந்தது ஓராண்டுச் செலவுக்கான தொகை வைப்பிலோ சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரத்திலோ தனியாக இருக்கட்டும்.

இன்னும் பின்னால் போனால், 2008 டிசம்பரில் டிபிஎஸ் தன் பங்குதாரர்களிடமே ஏறக்குறைய 4 பில்லியன் வெள்ளி திரட்டியது. இரண்டு பங்குக்கு ஒரு புதிய பங்கு என்ற கணக்கில், சந்தை விலையைவிட வெகு குறைவாக, 5.42 வெள்ளிக்கு உரிமைப் பங்குகள் வழங்கப்பட்டன. 1,000 பங்கு வைத்திருந்தவர் தம் பங்கு விகிதம் குறையாமல் இருக்க 2,710 வெள்ளி புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. பணமும் கட்டாமல், உரிமையையும் சந்தையில் விற்காமல், வந்த கடிதத்தைப் பிரிக்காமலே வைத்துவிட்டவர்களின் பங்கு மதிப்பு அவர்கள் அறியாமலே கரைந்தது. வங்கியிலிருந்தும், நம் பங்குகள் பதிவாகியிருக்கும் சிடிபி (மத்திய வைப்பகம்) கணக்கு தொடர்பாகவும் வரும் கடிதங்களைப் படிக்காமல் ஒதுக்குவது சிறு தவறுபோல் தோன்றினாலும், அதன் விலை இவ்வாறு ஆயிரக்கணக்கில் போகக்கூடும்.

அடுத்தது ஈவு விகிதக் கணக்கு, அதாவது ஓராண்டு ஈவு பங்கு விலையில் எத்தனை விழுக்காடு என்ற கணக்கு. இதில் நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் பல. டிபிஎஸ் 2025ஆம் ஆண்டின் முதல் மூன்று காலாண்டுகளில் காலாண்டுக்கு 60 காசு வழக்கமான லாப ஈவும், அதோடு 15 காசு மூலதனத் திருப்பு ஈவும் கொடுத்தது. இரண்டையும் சேர்த்து நான்கால் பெருக்கினால் 3 வெள்ளி. பங்கு விலை 50 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 6 விழுக்காடு. ஆனால் அந்த 15 காசு, தேவைக்கு மேல் சேர்ந்த மூலதனத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத் திருப்பித் தரும் ஏற்பாடு. என்றென்றும் வரும் வருமானம் அன்று. அதை விலக்கிப் பார்த்தால் 2.40 வெள்ளி, அதாவது 4.8 விழுக்காடு. பத்தாண்டுகளுக்குத் திட்டமிடுபவர் இந்த இரண்டாவது எண்ணையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். மற்ற இரு உள்ளூர் வங்கிகளில் யுஓபி தன் 90ஆம் ஆண்டு நிறைவையொட்டி அறிவித்த சிறப்பு ஈவையும், ஓசிபிசி கொடுத்த சிறப்பு ஈவையும் இப்படியே பிரித்துப் பார்க்க வேண்டும். ஓசிபிசியும் யுஓபியும் ஆண்டுக்கு இருமுறைதான் லாப ஈவு கொடுக்கின்றன என்பதை மறந்து, அவற்றின் ஒரு தவணையை டிபிஎஸ்ஸின் ஒரு தவணையோடு நேருக்கு நேர் ஒப்பிடுபவர்களும் இருக்கிறார்கள்.

இலவசப் பங்குகள் இந்தக் கணக்கை மேலும் குழப்புகின்றன. 2024இல் டிபிஎஸ் பத்துக்கு ஒன்று இலவசப் பங்கு கொடுத்தது. 2023ஆம் ஆண்டுக்கான லாப ஈவு 1.92 வெள்ளி, 2024க்கு 2.22 வெள்ளி, எனவே உயர்வு 16 விழுக்காடுதான் என்று ஒருவர் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். பங்கு எண்ணிக்கை ஒரு பத்தில் ஒரு பகுதி கூடியதைச் சேர்த்தால் பழைய 1.92 வெள்ளி ஏறத்தாழ 1.75 ஆகிறது, உண்மையான உயர்வு சுமார் 27 விழுக்காடு. அதே சமயம், இலவசப் பங்கு கிடைத்ததால் தம் சொத்து பத்து விழுக்காடு கூடிவிட்டது என்று எண்ணுவதும் பிழையே. ஒரு அப்பத்தை எட்டாக வெட்டினாலும் பத்தாக வெட்டினாலும் அப்பம் அதேதான். பங்கின் விலையும் அதற்கேற்ப இறங்கியது. (300 பங்கு வைத்திருந்தவருக்கு 30 உதிரிப் பங்குகள் வந்தன. அப்போது சந்தையில் வழக்கமாக நூறு நூறாகத்தான் வாங்கி விற்றார்கள் என்பதால், உதிரிகளை விற்கும்போது தரகுக் கட்டணத்தைக் கணக்கில் கொள்வது நல்லது.)

பல ஆண்டுகளுக்கு முன் 20 வெள்ளிக்கு வாங்கியவர், 3 வெள்ளி ஈவைக் காட்டி "எனக்கு 15 விழுக்காடு வருகிறது" என்று மகிழ்வதில் தவறில்லை. அது அவருடைய பொறுமைக்குக் கிடைத்த பலன். ஆனால் வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவை அந்த எண்ணைக்கொண்டு எடுத்தால் கணக்கு பிழைக்கும். மேலே வைத்துக்கொண்ட விலைப்படி இன்று அவர் கையில் இருப்பது 50 வெள்ளி மதிப்புள்ள பங்கு; அந்த 50 வெள்ளிக்கு வருவது 6 விழுக்காடுதான். இதைக் கேட்டுப் பக்கத்து மேசைக்காரர் தமக்கும் 15 விழுக்காடு கிடைக்கும் என்று நம்பி இன்றைய விலையில் வாங்கும்போதுதான் கேடு தொடங்குகிறது.

ஈவு உரிமை நீங்கும் நாளுக்கு (அந்நாள் முதல் வாங்குபவருக்கு அம்முறை ஈவு கிடையாது) முதல்நாள் வாங்கி, மறுநாள் விற்று, ஈவை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று முயல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அந்நாளில் சந்தை திறக்கும்போது, பிற காரணங்கள் இல்லாவிட்டால், விலை ஏறத்தாழ ஈவின் அளவுக்கு இறங்கும். 100 பங்குக்கு 75 வெள்ளி ஈவு வரும். பங்கு மதிப்பில் அதே அளவு போகும். வாங்கவும் விற்கவும் கொடுத்த தரகு கைநட்டம்.

வங்கியின் லாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமலே விலையைப் பேசுவதும் பரவலாக உள்ளது. கடனுக்கு வாங்கும் வட்டிக்கும் வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கும் இடையிலான வேறுபாடே அதன் பெரும்பகுதி. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கிய பிறகு நம் மூன்று வங்கிகளின் லாபமும் ஏறியது. 2024 செப்டம்பரில் அது வட்டியைக் குறைக்கத் தொடங்கியதும் அந்த இடைவெளி சுருங்கும் நெருக்குதல் வந்தது. டிபிஎஸ் 2024இல் ஈட்டிய 11.4 பில்லியன் வெள்ளி லாபத்தை ஒரு நேர்கோடாக நீட்டி அடுத்த பத்தாண்டுகளைக் கணிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். காலாண்டு அறிக்கையில் லாப ஈவு வரியோடு, நிகர வட்டி விகிதம் (மேலே சொன்ன வட்டி இடைவெளி), வாராக்கடன் விகிதம் ஆகிய இரண்டு எண்களையாவது ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

ஒரே கூடையில் எல்லா முட்டையையும் வைக்கக்கூடாது என்று தெரிந்தவர்களும்கூட, டிபிஎஸ் பங்கோடு, சிங்கப்பூர்ச் சந்தையின் பெரிய நிறுவனங்களைத் தொகுக்கும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைப் பின்பற்றும் நிதியையும் வாங்கிவிட்டுப் பணத்தைப் பரவலாகப் போட்டுவிட்டதாக நிம்மதி அடைகிறார்கள். அந்தக் குறியீட்டின் 30 நிறுவனங்களில் மூன்று வங்கிகளின் எடை மட்டுமே பாதியளவுக்கு இருக்கிறது. கூடை இரண்டு; முட்டை பெரும்பாலும் ஒன்றே.

மசேநி (மத்திய சேம நிதி) பணத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு: சாதாரணக் கணக்கில் முதல் 20,000 வெள்ளியைத் தொட முடியாது; பங்குகளுக்கு முதலீட்டுக்குரிய தொகையில் 35 விழுக்காடே வரம்பு; லாப ஈவும் கைக்கு வராமல் முதலீட்டுக் கணக்குக்கே போகும். சும்மா விட்டாலே 2.5 விழுக்காடு வட்டி தரும் பணம் அது என்பதையும் கழித்துப் பார்க்க வேண்டும். வரியைப் பொறுத்தவரை, உள்ளூர் வங்கிகளின் லாப ஈவுக்கு இங்கே பங்குதாரர் வரி கட்டுவதில்லை. ஆனால் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, வரிச் சட்டப்படி அங்கே வசிப்பவராகிவிட்டவர்கள் அங்குள்ள விதிகளை விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, குடும்பங்களில் பேசத் தயங்கும் ஒன்று. மசேநிக்கு வாரிசு நியமனம் செய்துவிட்டதால் பங்குகளும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தாமாகப் போய்ச் சேரும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நியமனம் சிடிபி கணக்கிலுள்ள பங்குகளுக்கும் பொருந்தாது, மசேநி முதலீட்டுத் திட்டத்தின் கீழ் வாங்கியவற்றுக்கும் பொருந்தாது. அவை இறந்தவரின் சொத்தில் சேரும். உயில் இருந்தால் உயிலின்படி, இல்லாவிட்டால் சட்டம் வகுத்த முறைப்படி பிரியும். உயில் எழுதி, அது இருக்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.