சுண்டெலியின் சிறுநீர்ப்பையை ஒரு தாளை வைத்து அளப்பது எப்படி?

சிறுநீர்ப்பை ஆய்வுக்குப் புதிதாக வருகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது அழுத்தம் அளக்கும் கருவிதான். பம்ப், டிரான்ஸ்டியூசர் (அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் உணரி), திரையில் ஏறி இறங்கும் கோடு என்று பார்க்கவே கவர்ச்சியாக இருக்கும். என் யோசனை: அதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஒரு ஃபில்டர் தாளை எடுங்கள். கூண்டின் தரையில் அதை விரித்தால் சிறுநீர்க் கறை பதியும்; புற ஊதா ஒளியில் அந்தக் கறை ஒளிரும், அதை வைத்து அளக்கலாம். அறுவை இல்லை, மயக்க மருந்து இல்லை, அதே சுண்டெலியை அடுத்த வாரமும் அளக்கலாம். ஒரு விலங்கு தன் போக்கில் எப்படிச் சிறுநீர் கழிக்கிறது என்றே தெரியாமல் அதன் வயிற்றைத் திறந்து அழுத்தம் அளந்தால், கிடைக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவது?

எளிய சோதனைதானே என்று அனுமதி வாங்காமல் தொடங்கிவிடாதீர்கள். இந்தியாவில் நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இதற்கும் வேண்டும்.

படி 1: தாளும் அளவுக்கோடும்

தடித்த ஃபில்டர் தாள் அல்லது குரோமட்டோகிராஃபி தாளைக் கூண்டின் தரை அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். சாதாரண பிரிண்டர் தாள் உதவாது. அதை வெளுப்பாகக் காட்டச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும்; சிறுநீர்க் கறை அதில் காணாமல் போய்விடும். விலங்கின் எண்ணைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். சில பேனா மைகளும் ஒளிரும்.

அடுத்து, கறையின் பரப்பிலிருந்து அளவைக் கணக்கிட ஒரு அளவுக்கோடு வேண்டும். சேகரித்து வைத்த சுண்டெலிச் சிறுநீரை பிப்பெட்டில் எடுத்து 5, 10, 25, 50, 100, 200 மைக்ரோலிட்டர் என்று அதே வகைத் தாளில் விட்டு உலரவிடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்வது நல்லது. பரப்பை ஒரு அச்சிலும் கொள்ளளவை இன்னொன்றிலும் வைத்துப் புள்ளியிட்டால் ஏறக்குறைய நேர்கோடு வரும். தண்ணீரை வைத்து இதைச் செய்ய முடியாது, அது ஒளிராது. தாளின் வகை மாறினால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும். தடிமன் மாறும்போது கறை பரவும் விதமும் மாறிவிடும்.

படி 2: விலங்கைப் பழக்குதல்

இந்தச் சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புது அறை, புது வாசனை, அறிமுகமில்லாத கை: இவை ஒவ்வொன்றும் சுண்டெலி சிறுநீர் கழிக்கும் விதத்தை மாற்றும். அதனால் வெறும் கூண்டில், தாள் விரித்து, சில நாள் பழக்குங்கள். அந்தப் பழக்க நாட்களின் தாள்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நேரமும் முக்கியம். சுண்டெலி இரவு விலங்கு. பகலில் தூங்கும்போது குறைவாகவும், இருட்டில் நடமாடும்போது அதிகமாகவும் கழிக்கும். ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் அளந்துவிட்டு மருந்து வேலை செய்தது என்று எழுதினால், நீங்கள் அளந்தது கடிகாரத்தை.

ஆண் சுண்டெலிகள் இன்னொரு தலைவலி. 1973-இல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, புற ஊதா ஒளியில் தாள்களைப் பார்த்தே எது ஆதிக்க ஆண் என்று சொல்ல முடியும் எனக் காட்டியது. ஆதிக்க ஆண் தரை முழுக்கத் துளித்துளியாக அடையாளமிடும். அடங்கிப்போனது மூலையில் சில குட்டைகளோடு நிறுத்திக்கொள்ளும். எனவே கறை எண்ணிக்கை கூடியிருந்தால் அது சிறுநீர்ப்பைக் கோளாறா, வீட்டுக்குள் அரசியலா என்று தாள் மட்டும் சொல்லாது. எந்தக் கூண்டில், யாரோடு வளர்ந்தது என்பதைக் குறித்துவையுங்கள்.

படி 3: சோதனை

ஒரு கூண்டில் ஒரு விலங்கு, 4 மணி நேரம். தீவனம் இருக்கலாம். தண்ணீர்ப் புட்டியைப் பொதுவாக எடுத்துவிடுவார்கள், சொட்டினால் கறை கலங்கும். முடிந்ததும் புழுக்கைகளைத் தட்டிவிட்டுத் தாளை உலரவையுங்கள். தாளைக் கடித்துக் குதறியிருந்தால் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். அந்த விதியை மட்டும் சோதனைக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

படி 4: படமும் கணக்கும்

இருட்டில், 365 நானோமீட்டர் அளவிலான புற ஊதா விளக்கின் கீழ், அளவுகோல் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் படமெடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். படத்தை இமேஜ்ஜே அல்லது ஃபிஜி மென்பொருளில் திறந்து கறைகளின் பரப்பை எடுக்கலாம். இரண்டும் இலவசம். இந்த வேலைக்கென்றே வாய்டு விஸ்ஸர்ட் என்ற கூடுதல் நிரலும் உண்டு.

ஒன்றின்மேல் ஒன்று விழுந்த கறைகளை மென்பொருள் ஒன்றாக எண்ணிவிடும். ஓரங்களைக் கையால் வரைந்து பிரியுங்கள். மிகச் சிறிய புள்ளிகள் வாலோ பாதமோ இழுத்த தடமாக இருக்கலாம். எவ்வளவுக்குக் கீழே விட்டுவிடுவது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். எந்தத் தாள் எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் எண்ணுவதே சரி.

மொத்த அளவு, கறைகளின் எண்ணிக்கை, பெரிய கறையின் சராசரி அளவு, மூலையா நடுவா என்ற விவரம் கிடைத்தால் போதும். ஆரோக்கியமான பெண் சுண்டெலியிடம் வழக்கமாகப் பார்ப்பது மூலைகளில் சில பெரிய கறைகள்.

படி 5: அழுத்தக் கோட்டைப் படிக்கப் பழகுங்கள்

தாளில் வித்தியாசம் தெரிந்தால் மட்டுமே அழுத்த அளவீட்டுக்குப் போங்கள். சிறுநீர்ப்பையின் உச்சியில் மெல்லிய குழாயை (கதீட்டர்) பொருத்தி, உப்புநீரை மெதுவாக ஏற்றிக்கொண்டே உள்ளழுத்தத்தைப் பதிவு செய்யும் முறை இது. அறுவையைத் தேர்ந்தவரிடம் நேரில்தான் கற்க வேண்டும், எழுதிக் காட்டிப் பயனில்லை. கோட்டைப் படிப்பதை இப்போதே பழகலாம்.

உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 20 மைக்ரோலிட்டர் ஏற்றுகிறோம். 6 நிமிடத்தில் சுருங்கிக் கழிக்கிறது. ஏறியது 120. வெளியே வந்தது 108 என்றால் தங்கியது 12, வெளியேற்றும் திறன் 90 சதவீதம். நிரம்பும்போது அழுத்தம் 4-லிருந்து 10 செ.மீ. நீரழுத்தத்துக்கு ஏறியிருந்தால் ஏற்றம் 6. நெகிழ்வு, அதாவது அழுத்தம் 1 செ.மீ. ஏற பை எவ்வளவு கொள்கிறது என்பது, 120-ஐ அந்த 6-ஆல் வகுத்தால் 20 மைக்ரோலிட்டர். கழிக்காமலே நடுவில் எழும் சிறு முகடுகளைத் தனியாக எண்ணுங்கள்.

டிரான்ஸ்டியூசரை சிறுநீர்ப்பையின் மட்டத்தில் வையுங்கள். 1 செ.மீ. உயரம் தவறினால் அளவிலும் 1 செ.மீ. நீரழுத்தம் தவறும், இவ்வளவு சிறிய எண்களில் அது பெரிய பிழை. குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் முகடு மழுங்கிவிடும். மயக்க மருந்தும் விளையாடும்: ஐசோஃபுளூரேன் சிறுநீர் கழிக்கும் அனிச்சையை அடக்கும், யூரித்தேன் ஓரளவு விட்டுவைக்கும். ஆனால் யூரித்தேன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, ஆகவே விலங்கை மீண்டும் எழுப்பாத இறுதிச் சோதனைகளுக்கு மட்டுமே.

படி 6: சிறுநீர்ப் புறவழி

இதுவரை பார்த்தது பை மட்டுமே, பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாயான வாசலையும் சோதிக்கலாம். மயக்கத்தில் உள்ள பெண் எலியின் (சுண்டெலி அல்ல, அதைவிடப் பெரிய ஆய்வக எலி) சிறுநீர்ப்பையைப் பாதியளவு நிரப்பி, அடிவயிற்றை மெல்ல அழுத்திக்கொண்டே போய், முதல் துளி கசியும் கணத்தில் கையை எடுப்பார்கள். அப்போதைய உச்ச அழுத்தம்தான் கசிவு அழுத்தம். அழுத்தும்போது பை தானாகச் சுருங்கியிருந்தால் அந்த அளவு செல்லாது. பிரசவக் காயத்தால் பெண்களுக்கு வரும் கசிவைப் புரிந்துகொள்ள இந்தச் சோதனை நிறையப் பயன்படுகிறது.

எலியின் முடிவுகளை மனிதருக்குப் பொருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். நமக்குச் சிறுநீர் கழிக்கையில் வெளிச் சுருக்குத்தசை (வாசலை இறுக்கி மூடும் தசை) தளர்ந்தே இருக்கும். எலிக்கு அது நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை துடித்துத் துடித்துச் சிறுநீரைப் பீய்ச்சும். அழுத்தக் கோட்டின் முகட்டில் தெரியும் நடுக்கம் அதுதான். கருவிக் கோளாறு என்று வடிகட்டி எடுத்துவிடாதீர்கள்.