கண்ணீர்ப்பை அறுவையின்போது திசுப் பரிசோதனை: கேட்க வேண்டியவையும் கவனிக்க வேண்டியவையும்

நடுவயதைக் கடந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, ஓயாமல் கண்ணீர் வடிவதற்கும் பீளை கட்டுவதற்கும் பெரும்பாலும் கண்ணீர் நாளம் அழற்சியால் தழும்பேறி அடைபடுவதே காரணம். கண்ணீர்ப்பையிலிருந்து மூக்குக்குள் புதுவழி திறக்கும் டி.சி.ஆர். அறுவை, இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் விவரித்த முறையிலிருந்து வளர்ந்து, இன்றும் இதற்குரிய சிகிச்சையாக உள்ளது. அப்போது பையின் சுவர் திறந்திருப்பதால், சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டை எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்புவது எளிது. ஆனால் எல்லோருக்கும் அனுப்ப வேண்டுமா என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை; ஏனெனில் மிகப் பெரும்பாலான அறிக்கைகளில் "நாட்பட்ட அழற்சி" என்றே வருகிறது, அதனால் சிகிச்சையும் மாறுவதில்லை. வெளிப்பார்வைக்கு இயல்பாக இருந்த பையிலும் லிம்போமா என்ற நிணநீர்த் திசுப் புற்றுநோய் அரிதாகக் கண்டறியப்பட்டிருப்பதால், எல்லோருக்கும் கட்டாயமாக்குவதைவிட, சிறு ஐயம் எழுந்தாலும் தயங்காமல் அனுப்பும் வழக்கமே சரியானது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

எனவே அறுவைக்கு முன்பே சில அறிகுறிகளை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்: கண்ணீரிலோ மூக்கிலோ இரத்தம் கலந்து வருதல், அழுத்தினால் அமுங்காத கெட்டியான வீக்கம், முன்பு வந்த புற்றுநோய் அல்லது சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் அழற்சிக் கணுக்கள் உண்டாகும் நோய்), ஒருமுறை அறுவை செய்தும் மீண்டும் அடைப்பு. இமைகள் கூடும் உள்முனையில் விரலுக்குத் தட்டுப்படும் தசைநாருக்கு மேலே வீக்கம் எழும்பியிருந்தால் கூடுதல் கவனம் தேவை, சாதாரணப் பை வீக்கம் பொதுவாக அதற்குக் கீழேதான் இருக்கும். இத்தகைய நிலையில் முதலில் ஸ்கேன் எடுத்து, பயாப்ஸி மட்டும் செய்துகொள்வதே பாதுகாப்பானது. கட்டி இருக்கும்போது எலும்பைத் திறந்து வழி செய்தால் அது மூக்குக்குள் பரவவும் இடமாகிவிடும்.

சிவகங்கை, இராமநாதபுரம் போன்ற மாவட்டங்களிலும் இலங்கையிலும் குளத்து நீரில் குளித்துப் பழகியவர்களுக்கு ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற தொற்றையும் நினைவில் கொள்ள வேண்டும். இதில், கண்ணீர்ப் பாதைக்குள் நீர் செலுத்திப் பார்க்கும் சிரிஞ்சிங் செய்யும்போது நீர் தடையின்றி இறங்கலாம், அதோடு இரத்தமும் கலந்து வரலாம். பையைத் திறந்தால், வெண்புள்ளிகள் நிறைந்த, தொட்டாலே கசியும் செந்நிறச் சதை தெரியும். அந்தப் புள்ளிகளே நோய்க்கிருமியின் வித்துப்பைகள், நுண்ணோக்கியில் ஐயத்துக்கு இடமின்றி அடையாளம் காணப்படுபவை. அவை சிதறாமல் சதையை முழுமையாக அகற்றி அடிப்பகுதியைச் சுட்டுவிட வேண்டியிருப்பதால், வழக்கமான அறுவைத் திட்டமே மாறுகிறது.

அறுவைக்கு ஒப்புதல் தரும் நாளில், பையின் சுவர் தடித்தோ நொறுங்கியோ இருந்தால் துண்டு அனுப்புவீர்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடுக்கியால் நசுக்கப்படாத துண்டே படிக்கத் தகுந்தது. வழக்கமாக அது, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் செல்லும். ஆனால் கிருமி வளர்ப்புக்கு வேண்டிய துண்டை ஃபார்மலினில் போடக் கூடாது, லிம்போமா என்ற ஐயம் இருந்தால் ஒரு பகுதியை ஃபார்மலின் படாமல் உடனடியாக ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆய்வகப் படிவத்தில் எந்தக் கண், என்ன அறிகுறி, என்ன ஐயம் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். அறிக்கை வரப் பல நாள்கள் ஆகலாம் என்பதால், தையல் பிரிக்கும்போது யார் அதைப் பெற்று உங்களிடம் விளக்குவார் என்பதை அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.