புகை வாசன வெட்டிவேர் பெர்ஃப்யூம்: புதுசா வர்றவங்க பண்ற தப்புகள்

"ப்ரோ, லலீக் என்க்ரெ நுவார் வாங்கினேன், ஒரு மணி நேரத்துல வாசனையே இல்ல, டூப்ளிகேட்டா?" லலீக் கம்பெனியோட இந்த புகை வாசன வெட்டிவேர் பெர்ஃப்யூம வாங்கிட்டு இத கேக்குற பசங்க கொறையவே மாட்டேங்குறாங்க. நானும் இதே கேள்வி கேட்டவன்தான். பாட்டில வெயில்ல வைக்காத, மணிக்கட்ட தேய்க்காத, இதெல்லாம் எல்லாரும் சொல்லியாச்சு, விட்ருவோம்.

மணக்கலன்னு மேல மேல அடிக்கிறது

இன்னைக்கும் எனக்கு கடுப்பேத்துறது இதுதான். என்க்ரெ நுவார் 2006ல நத்தாலி லோர்சோன்ங்குற பெர்ஃப்யூமர் பண்ணது, சைப்ரஸ் மரம், வெட்டிவேர், மஸ்க்குங்குற கஸ்தூரி மாதிரி வாசனை, அவ்ளோதான் மேட்டர். மொதல்ல ஈர மண்ணும் அணைஞ்ச வெறகும் கலந்த மாதிரி கருகலா வரும், அப்புறம் சட்டையோட ஒட்டிக்கிட்டு அடக்கமா கெடக்கும். அதோட குணமே அதான். வெட்டிவேர் எண்ணெய் ரொம்ப மெதுவா ஆவியாகுற சாமான், ஒரு மணி நேரத்துல எங்கயும் போகாது. ஒரே வாசனை விடாம வந்தா மூக்கு கண்டுக்காம விட்ரும், போதாக்குறைக்கு சில மஸ்க் சிலருக்கு சுத்தமா தெரியவே தெரியாது.

தெரிஞ்ச தம்பி ஒருத்தன் கழுத்து, சட்டை, காதுக்குப் பின்னாடின்னு பன்னெண்டு ஸ்ப்ரே அடிச்சுட்டு ஏசி கார்ல ஏறினான். நாங்க எல்லாம் கண்ணாடிய எறக்குறோம், டிரைவர் அண்ணன் எங்கயோ வயர் கருகுதுன்னு வண்டிய ஓரங்கட்டி பானட்டத் தொறந்துட்டார், இவன் மட்டும் "எனக்கு ஒண்ணுமே வரலயே ப்ரோ"ங்குறான். 100 மில்லி பாட்டில்ல சுமாரா ஆயிரம் ஸ்ப்ரே வரும், இவன் அடிக்கிற அடிக்கு மூணு மாசம் தாங்காது, மூணு ஸ்ப்ரேயோட நிறுத்தினா கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடும். சந்தேகமா இருந்தா வெளிய காத்தாட ஒரு சுத்து போயிட்டு வாங்க, இல்ல நேத்து போட்ட சட்டை காலர மோந்து பாருங்க.

கடையில பேப்பர் ஸ்ட்ரிப்ப மோந்து உடனே பில் போடுறது

தோல்ல அடிச்சு அரை மணி நேரம் நடங்க.

வெனிலா பெர்ஃப்யூமோட லேயரிங் (ஒண்ணு மேல ஒண்ணு அடிக்கிறது)

வேணாம்.

வெட்டிவேர்னாலே புகைதான்னு நெனைக்கிறது

ஹைட்டி நாட்டு வெட்டிவேர் எண்ணெய் கொஞ்சம் சுத்தமா, புல்லும் எலுமிச்சையும் சேர்ந்த சாயல்ல இருக்கும், ஜாவா தீவு எண்ணெய் நல்லா கருகல். புகை வேணும்னு ஆசப்பட்டு கெர்லான் கம்பெனியோட 'வெட்டிவேர்' பெர்ஃப்யூம வாங்கினா சோப்பும் புகையிலையும்தான் கெடைக்கும், அதுவும் அருமையான சரக்குதான், ஆனா நீங்க தேடுனது அது இல்ல. பானைத் தண்ணியில போட்ட வேர் வாசனைய எதிர்பார்த்து இதுல எறங்குறவங்க மொதல்ல 5 மில்லி டீகான்ட் (பெரிய பாட்டில்லருந்து சின்ன பாட்டில்ல ஊத்தி விக்கிறது) வாங்கிப் போட்டுப் பாருங்க.